கேள்வி எண் பதினான்கு

இராஜா அண்ணாமலைபுரம்,
ஆகஸ்ட் 24, 1997, ஞாயிறு.

அன்புள்ள கரோல்,

உன் வீட்டுச் சமையலறைக் குழாய் இப்போது ஒழுகவில்லை. ஆளைக் கூப்பிட்டு வாஷர் மாற்றியாயிற்று. மஸ்கட்டிலிருந்து நீ எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஏழு மாதமாக ஒரு வரி இல்லையே, உயிரோடுதான் இருக்கிறாயா என்று திட்டியிருந்தாய். இருக்கிறேன். உன் வீட்டுக் குடித்தனக்காரி ஏன் திடுதிப்பென்று காலி செய்கிறாள், பக்கத்து ஃபிளாட்டில் இருக்கும் எனக்குத் தெரியாமலா இருக்கும் என்றும் கேட்டிருந்தாய். தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். உன்னிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? ஆற அமரச் சொல்கிறேன்.

ஆபீஸ் அப்படியேதான் இருக்கிறது. ஈக்காட்டுத்தாங்கல், அதே பம்ப் கம்பெனி, அதே புழுதி. பிப்ரவரியில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது, அதைத் தட்ட ஒரு சின்னப் பெண்ணும் வந்தாள். மானேஜர் இப்போது கடிதங்களை அவளிடமே சொல்கிறார். அவள் தப்பும் தவறுமாக அடித்துக் கொடுப்பதைத் திருத்துவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் சுருக்கெழுத்து எடுக்கிறேன். ஒருவர் வாயிலிருந்து வந்த வார்த்தையை நான் ஒருநாளும் மாற்றியதில்லை. போன மாதம் அந்தப் பெண் தன் ஃபிளாப்பிகளை ஸ்டெபிலைசர் மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். அதன்மேல் வைத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று சர்வீஸ்காரர் என் எதிரில்தான் சொல்லியிருந்தார். அவள் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

நம் ஃபிளாட்டில் சங்கத்துக்கு இன்னும் நான்தான் செயலாளர். மோட்டார் போடும் நேரத்தை டைப் அடித்து ஒட்டுகிறேன், யாரும் படிப்பதில்லை. பொங்கல் கழித்து மொட்டைமாடியில் கூட்டம் போட்டோம். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. அறிக்கையை வாசிக்கச் சொல்லி உன் குடித்தனக்காரி வஜீஹாவிடம் கொடுத்தேன். தண்ணீர்த் தொட்டி கழுவியதைப் பற்றிய அறிக்கைதான் கரோல். அதை அவள் வாசித்தபோது குழந்தைகள்கூட ஓடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கீழ்வீட்டு அனந்தராமன் மாமா, "ரேடியோவுல கேக்கறாப்ல இருக்கேம்மா, இன்னொரு தரம் வாசியேன்" என்றார். ஒன்பது வருடமாக அந்த அறிக்கையை நான் வாசிக்கிறேன். என்னை யாரும் இன்னொரு தரம் கேட்டதில்லை.

நல்ல பெண்தான் அவள். பொய் சொல்லமாட்டேன். முப்பது வயது, சரித்திரத்தில் எம்.ஏ., குழந்தை இல்லை, புருஷன் இன்ஷூரன்ஸில் ஊர் ஊராகப் போகிறவர். ரம்ஜானுக்குப் பெரிய டிபன் பாக்ஸில் சேமியா கொண்டுவந்து கொடுத்தாள். பகலெல்லாம் சும்மா இருக்கிறேன் அக்கா, நீங்கள் போகும் இடத்துக்கு நானும் வரட்டுமா என்று கேட்டாள். நானே அவளை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். இதை மறக்காமல் குறித்துக்கொள். கையைப் பிடித்து அழைத்துப் போனவள் நான்.

நான் போகும் இடம் உனக்குத் தெரியும், அடையாறில் பார்வையில்லாத மாணவர்களுக்கு வாசித்துக் காட்டும் சங்கம். மேரியையும் நினைவிருக்கும். பட்டினப்பாக்கம் ஆரோக்கியமேரி, பிறவியிலேயே கண் தெரியாதவள், நீ மஸ்கட் கிளம்புமுன் போன கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டில் கேக் சாப்பிட்டுவிட்டு அவ்வளவு சிரித்தாளே, அவள்தான். மூன்று வருடமாக வாரத்தில் நான்கு சாயங்காலம் அவளுடைய ஹாஸ்டலுக்குப் போய்ப் பாடம் வாசித்தேன். பரீட்சையிலும் அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். வாசல் கேட்டில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே, "இன்னாக்கா, இன்னிக்கு லேட்டு?" என்பாள். எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது. நான் வர லேட்டானதைக் கவனிக்கிற ஜீவன் உலகத்திலேயே அவள் ஒருத்திதான்.

இந்த வருடம் அவளுக்கு பி.ஏ. கடைசி. திருச்சிப் பக்கம் கன்னிகாஸ்திரீகள் நடத்தும் பார்வையற்றோர் பள்ளியில் சரித்திர ஆசிரியை வேலை சொல்லி வைத்திருந்தார்கள். தங்க அறை, சாப்பாடு, சொந்தச் சம்பளம். பாஸ் செய்தால் வேலை. இல்லாவிட்டால் அண்ணன் வீட்டில், ஒற்றை அறையில், அண்ணியின் வாய்க்குக் கீழே கிடக்கவேண்டும். பரீட்சை என்றால் அவளுக்கு அதுதான்.

வஜீஹா நேரில் வாசிக்கவில்லை. உன் வீட்டுப் படுக்கையறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடம் முழுவதையும் கேசட்டில் பதிந்து கொடுத்தாள். ஐம்பத்தெட்டு கேசட். என் சுவரை ஒட்டித்தான் அந்த அறை, எனக்கு முணுமுணுவென்று கேட்டுக்கொண்டே இருக்கும். பத்து நாளில் மேரி, "நீ இன்னாத்துக்குக்கா வெயில்ல அலையற, அதான் கேசட்டு கீதே" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். வாரத்துக்கு நான்கு நாள் இரண்டானது, பிறகு ஒன்றானது. நான் போனாலும் காதில் அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு நிமிஷம் இருக்கா என்று விரலைக் காட்டுவாள். ஒரு நிமிஷம் என்பது ஒரு பக்கம் முடிகிறவரை. நான் அவள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கு வயிறு எரிந்தது கரோல். இதற்கு வேறு நல்ல வார்த்தை கிடையாது.

மார்ச்சில் அடையாறு சங்கத்தின் தலைவர் ஸ்ரீரங்கன் சார் என்னைக் கூப்பிட்டு, பரீட்சைக்கு வஜீஹா எழுதட்டுமே என்று மேரி கேட்டதாகச் சொன்னார். அந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியவர் எழுதக்கூடாது என்பது பல்கலைக்கழகத்தின் விதி. "அதனால நீங்களே எழுதிடுங்கம்மா, வேற வழியில்ல" என்றார். அவர் மனதில் ஒன்றுமில்லை, வேறு வழியில்லை என்றுதான் சொன்னார். சரி சார் என்றேன்.

முதல் நான்கு தாளும் எழுத்துக்கு எழுத்து சரியாக எழுதினேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். ஐந்தாவதுதான் கடைசித் தாள், தமிழ்நாட்டு விடுதலைப் போராட்டம், மேரிக்கு உயிரான பாடம். எங்களுக்கென்று தனி அறை. மேற்பார்வைக்கு வந்த அம்மா வாரப்பத்திரிகையில் மூழ்கியிருந்தார். பதினொன்றாம் கேள்வி வேலூர்ப் புரட்சி. பதினான்காம் கேள்வி வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம். நடுவில் இன்னும் இரண்டு, கடைசியில் ஒன்று. ஐந்து கட்டுரைக்கு நூற்றுக்கு எழுபத்தைந்து மதிப்பெண்.

மேரி வேலூரைச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்வது மேரியின் வாய்தான், ஆனால் நிறுத்தம், இழுப்பு, பெயர்களைச் சொல்லும் விதம் எல்லாம் வஜீஹா. ஓரிடத்தில் தானாகச் சிரித்தாள். என்னடி என்றேன். "இந்த எடத்துல அந்தக்காவுக்கு இருமல் வரும்க்கா. இருமிட்டு, மன்னிச்சுக்கோ மேரின்னு சொல்லும். அது கேக்காம எனக்கு இந்தப் பாடமே வராது" என்றாள். பிறகு என் கையைத் தேடித் தொட்டு, "கோச்சுக்காதக்கா. நீ படிச்சா எனக்குத் தூக்கமா வரும். அந்தக்கா படிச்சா அப்டியே கண்ணு முன்னாடி தெரியுது" என்றாள்.

மூன்று வருடம். மழையில் நனைந்துகொண்டு போயிருக்கிறேன், ஜுரத்தோடு போயிருக்கிறேன். என் அம்மா இறந்த பதினாறாம் நாள் போயிருக்கிறேன். அவளுக்குத் தூக்கம் வந்ததாம்.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. சொல்லும்மா என்றேன். அவள் சொன்னாள், நான் எழுதினேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. ஓரத்தில் கேள்வி எண் போடுகிற இடத்தில் மட்டும் பதினொன்றுக்குப் பதிலாகப் பதினான்கு என்று போட்டேன். உப்புச் சத்தியாகிரகத்தைச் சொன்னபோது பதினொன்று என்று போட்டேன். மற்ற மூன்றையும் அதேபோல இடம் மாற்றினேன். எழுதியதைப் படித்துக் காட்டவேண்டும் என்பது முறை, அதன்படி முழுவதையும் படித்துக் காட்டினேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவளே சொன்னாள்.

ஒரு நாளைக்கு நாற்பது தாள் திருத்துகிறவருக்கு யோசிக்க நேரம் இருக்காது. உப்பைப் பற்றிக் கேட்டால் வேலூர்ச் சிப்பாய்களைப் பற்றி எழுதியிருக்கிறதே என்று அடித்துவிட்டுப் போவார். ஜூனில் முடிவு வந்தது. மற்ற நான்கிலும் அறுபதுக்கு மேல். அதில் மட்டும் பதினெட்டு.

ஸ்ரீரங்கன் சார் ஆடிப்போனார். பக்கத்தில் இருந்தது நீங்கள்தானே, ஒழுங்காகத்தானே பதில் சொன்னாள் என்று என்னை விசாரித்தார். கேசட்டில் இருந்ததை அப்படியே சொன்னாள் சார், அவள் சொன்னதை அப்படியே எழுதினேன் என்றேன். இதில் எந்த வார்த்தை பொய் என்று நீயே சொல். அப்போ கேசட்டில்தான் ஏதோ கோளாறு என்றார். கோளாறு என்ற சொல் அவருடையது.

வஜீஹா ஐம்பத்தெட்டு கேசட்டையும் புத்தகத்தோடு வைத்து மறுபடியும் கேட்டாள். பதினோரு நாள். சுவர் வழியாக எனக்கும் கேட்டது. நாற்பத்திரண்டாவது கேசட்டில் ஒரு பக்கம் விட்டுப்போயிருந்ததாம், இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். அதைக் கண்டுபிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து அழுதாள். "ஒரு பொண்ணோட வாழ்க்கைய நான் கெடுத்துட்டேன் அக்கா" என்றாள். நான் தண்ணீர் கொடுத்தேன், முதுகைத் தடவிக் கொடுத்தேன். ஒரு பக்கம் விட்டுப்போனதற்காக மார்க் பதினெட்டுக்கு இறங்காது என்று சொல்லியிருக்கலாம். அழுகிறவளிடம் கணக்குப் பேசுவது நாகரிகமாக எனக்குப் படவில்லை.

அதற்குப் பிறகு அவள் வாசிப்பதில்லை. புருஷன் ஊரில் இல்லாத நாட்களில் அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே கேட்காது. இந்த மாத முடிவில் காலி செய்துகொண்டு திருவல்லிக்கேணியில் அம்மா வீட்டுக்குப் போகிறாள். உன் கேள்விக்குப் பதில் இதுதான்.

மறுமதிப்பீட்டுக்கு மனு எழுதினார்கள். தபாலில் சேர்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். அது என் கைப்பையில் உள்அறையில் பத்திரமாக இருக்கிறது. கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சாமியாரிடம், ஒருத்தியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் சுவாமி என்று சொன்னேன். எல்லாருக்கும் இருப்பதுதான் என்று மூன்று தடவை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். ஐந்து சொன்னேன்.

மேரி இப்போது என் வீட்டில் இருக்கிறாள். ஹாஸ்டலில் படிப்பு முடிந்தவர்களை வைத்துக்கொள்ளமாட்டார்கள். அண்ணி ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. நான்தான் போய்க் கூட்டிவந்தேன். என் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். வஜீஹாமேல் அவளுக்குக் கோபம் வரவில்லை, அந்தக்கா வேணும்னேவா பண்ணிச்சு என்கிறாள். ஆனால் கேசட்டைத் தொடுவதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு நான் வாசிக்கிறேன், அவள் கேட்கிறாள். இடையில் தூங்கிவிட்டால் தட்டி எழுப்புகிறேன்.

இந்தக் கடிதத்தை அவளுக்கு எதிரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பூசை முடிந்து வந்து, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். பேனாச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "யாருக்குக்கா இம்மாம் நேரமா எழுதிக்கினு கீற?" என்றாள். கரோல் அக்காவுக்கு என்றேன். "நான் கேட்டதா சொல்லுக்கா" என்றாள். கேட்டிருக்கிறாள்.

அக்டோபரில் அந்த ஒரு தாளை மறுபடி எழுதவேண்டும். எழுத நான்தான் வரவேண்டும் என்று இந்தத் தடவை அவளாகவே ஸ்ரீரங்கன் சாரிடம் கேட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திருச்சியிலிருந்து மதர் எழுதியிருக்கிறார்கள், இடத்தை நவம்பர் வரைக்கும் காலியாக வைத்திருப்பார்களாம், அதற்குமேல் முடியாதாம். பாஸ் செய்துவிட்டால் அந்த வாரமே அனுப்பிவைக்கவேண்டும். முன்பின் தெரியாத ஊர். அங்கே இவளுக்கு யார் வாசித்துக் காட்டுவார்கள்? அதை நினைத்தால்தான் கரோல், பாவம் இந்தப் பெண் என்று எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

உன்
வெரோனிகா