தம் திட்டத்தைத் தாமே தோற்கடித்தவருக்கு

வெள்ளாறு முந்திரிப் பருப்பு நிறுவனத்தின் பொது மேலாளராக இருந்து இன்று பணி நிறைவு பெறும், அன்னவாசல் தந்த அருந்தகையாளர், அதிர்ந்து பேசாத ஆளுமையாளர், எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரியவரான திருமதி திலகவதி அம்மையாருக்கு, அறந்தாங்கி ஆலையின் ஊழியர் அனைவரும் அன்போடு அளிக்கும் மடல்.

அம்மையீர்,

இந்த மடலை எழுதும் பொறுப்பை அலுவலகப் பிரிவில் தட்டச்சு செய்யும் செம்மல் என்ற பெயருடைய என்னிடம் கொடுத்தார்கள். அதிகம் பேசாதவன் நிறைய நினைவில் வைத்திருப்பான் என்று நம்பிவிட்டார்கள். எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கே ஐயம் வந்தது. உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டிய அந்த ஒரு நாளை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா? யாரும் சொல்லாமல் நீங்களாகவே எழுந்து அந்த நாற்காலிக்குப் போனீர்கள் என்பது என் நினைவு. உடைப்புப் பிரிவு மேற்பார்வையாளர் இன்னாசியம்மாளிடம் கேட்டேன்.

"நல்லா இருக்கே கதை. 'நாற்காலி சும்மா கெடக்கு மேடம்'னு சொன்னது நானு. ஒங்களுக்கு அன்னைக்கே காது அடைச்சிருந்துச்சு போல" என்றார்.

உலர்களத்து அய்யப்பன் இரண்டையும் மறுத்தார். "இந்தம்மா வாயவே தொறக்கல, மேடமும் தானா எந்திரிக்கல. சேர்மன் ஐயாதான் வெவரம் தெரியாம அதுல உக்காரப் போனாரு. மேடம் பதறி எந்திரிச்சாங்க."

மூவரும் ஒரே அறையில்தான் இருந்தோம். ஆகவே கீழே சொல்வதில் யார் முதலில் என்பது மாறலாம். நடந்தது மாறாது.

சொல்லையும் சோதித்துப் பார்த்த சீர்மையாளரே,

எங்கள் கூட்ட அறையின் சன்னலோரத்தில் மஞ்சள் ஒயர் பின்னிய இரும்பு நாற்காலி ஒன்று உண்டு. நீங்கள் பொது மேலாளர் ஆனதும் அதற்கு ஒரு வேலை கொடுத்தீர்கள். மாதக் கூட்டத்தில் யார் எந்த யோசனையைக் கொண்டுவந்தாலும், சொல்லி முடித்ததும் எழுந்துபோய் அதில் உட்கார வேண்டும். அங்கிருந்து தம் யோசனையைத் தாமே எதிர்த்துப் பேச வேண்டும். தம்மை வேறோர் ஆளாகவே குறிப்பிட வேண்டும். ஒப்புக்குப் பேசினால் அந்த யோசனை அன்று எடுத்துக்கொள்ளப்படாது. எதிர்க்கட்சி நாற்காலி என்று அதற்குப் பெயர் விழுந்தது.

கேன்டீனில் ரவை உப்புமாவை நிறுத்த வேண்டும் என்று இன்னாசியம்மாள் ஒருமுறை யோசனை கொண்டுவந்தார். நாற்காலிக்குப் போனவர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வெறும் வயிற்றோடு ஓடிவரும் பெண்களுக்குச் சூடாகவும் சட்டென்றும் கிடைப்பது அது ஒன்றுதான் என்று மனமில்லாமல் தொடங்கி, மனம் கசிந்து முடித்தார். உப்புமா நிலைத்துவிட்டது. "உப்புமாவுக்கு வக்கீலாப் போயிட்டேனே, ஏசப்பா" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டபோது நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். அது அடிக்கடி நடப்பதன்று என்பதால் அந்தச் சிரிப்பையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

காற்றின் திசையறிந்த கலமோட்டியே,

ஒரு நிறுவனம் எந்த வழியில் போகிறது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? தலைவரின் மனமே நிறுவனத்தின் வழி என்கின்றன சில நூல்கள். வங்கியும் சட்டமும் சந்தையும் பக்கத்து ஆலைக்காரரும் சேர்ந்து வழியைப் போட்டுவிடுகிறார்கள், தலைவர் அதில் நடக்க மட்டுமே செய்கிறார் என்கின்றன வேறு சில. இரண்டையும் படித்துவிட்டு எந்தப் பக்கமும் சேராமல் நான் பல நாள் சும்மா இருந்திருக்கிறேன். கஜா புயலுக்குப் பிறகு வந்த காலத்தில் இரண்டாவது கட்சிதான் சரி என்று தோன்றியது.

புயலடித்த இரவு விடிந்தபோது முந்திரித் தோப்புகள் வேரைக் காட்டிக்கொண்டு கிடந்தன. உள்ளூர்க் கொட்டையின் வரத்து நின்றது. ஆப்பிரிக்கக் கொட்டையைக் கப்பலில் வரவழைக்க வேண்டிய நிலை. உடைப்பதற்கு இயந்திரம் வைத்தால்தான் கடன் என்றது வங்கி. துறைமுகத்தின் பக்கம் போய்விடுங்கள் என்றார்கள் சென்னையிலிருந்து வந்த ஆலோசகர்கள். நமக்குத் தெரிந்த ஆலைகள் ஒவ்வொன்றாக அதையே செய்தன. நீங்களும் அப்படித்தான் திட்டம் எழுதினீர்கள். ஆலையைத் தூத்துக்குடிக்கு மாற்றுவது, கையால் உடைப்பதை விட்டு இயந்திரத்துக்குப் போவது. தட்டச்சு செய்தவன் நான். அதில் ஓர் ஓட்டைகூட எனக்குத் தெரியவில்லை. திட்டம் நிறைவேறினால் உடைப்புப் பிரிவின் பெண்கள் இருநூறு பேருக்கும் வேலை போய்விடும். நீங்கள் அங்கே இயக்குநர் ஆவீர்கள். இந்த இரண்டும் அன்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அப்போது சேர்மனாக இருந்த அடைக்கப்பன் ஐயா அந்தக் கூட்டத்துக்காகவே சென்னையிலிருந்து வந்திருந்தார். நீங்கள் திட்டத்தைச் சொல்லி முடித்ததும் அவர் முகம் தெளிந்தது. "இதுக்கு மேல பேச என்ன இருக்கு?" என்றார்.  பிறகு, யார் சொல்லியோ சொல்லாமலோ, நீங்கள் எழுந்துபோய் மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள்.

"மேடம் சொன்ன கணக்கெல்லாம் சரிதாங்க ஐயா. அதே கணக்கத்தான் எல்லா ஆலைக்காரரும் போட்டிருக்காங்க. எல்லாரும் அங்கிட்டுப் போனப்புறம் நாமளும் போனா நமக்கு என்ன பேரு? கடைசியா வந்தவுகன்னுதான். இயந்திரத்துல பருப்பு ஒடையுது. ஒடையாத முழுப் பருப்பு வேணும்னு கேக்குறவங்க அப்ப யாருகிட்ட வருவாங்க? இங்க இருக்க பொம்பளைங்க பாதிப்பேரோட புருசன் துபாய்லயும் குவைத்துலயும் இருக்காங்க. மாமனார், மாமியா, பிள்ளைங்கன்னு வீட்டப் பாக்குறது இவுகதான். தூத்துக்குடிக்கு யாரு வருவா? இந்தக் கைய விட்டுட்டா திரும்பச் சேக்க முடியாதுங்க."

 பிறகு மேசையைப் பார்த்தபடி சொன்னீர்கள்.

"விழுந்த தோப்புல முந்திரி ஒட்டுக்கன்னு வச்சா மூணு நாலு வருசத்துல காய்க்கும். அந்த மூணு வருசத்துக்குப் பயந்துக்கிட்டு மேடம் முப்பது வருசத்துக்கு முடிவெடுக்குறாங்க. இன்னொண்ணும் சொல்லிர்றேன். திட்டம் எழுதினவங்களுக்கு அங்க டைரக்டர் பதவி காத்திருக்கு. அதையும் மேசையில வச்சுக்கிட்டுத்தான் முடிவு பண்ணணும்."

அடைக்கப்பன் ஐயாவின் தேநீரில் ஆடை படர்ந்துவிட்டது. "ஏம்மா, நான் இப்ப எந்தத் திலகவதி சொல்றதக் கேக்கட்டும்?" என்றார்.

"இந்த நாற்காலியில இருக்கவங்களுக்கு ஓட்டு இல்லீங்க ஐயா. நீங்கதான் சொல்லணும்."

அவர் தேநீர்க் குவளையைத் தள்ளி வைத்தார். "அப்ப அந்தம்மா திட்டம் வேணாம். இந்தம்மா சொல்றதச் செய்வோம்."

நீங்கள் உங்கள் இடத்துக்குத் திரும்பிவந்து, திட்டத்தை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தீர்கள். வேண்டியதை நீங்களே தள்ளிவிட்டிருந்தீர்கள். இன்னாசியம்மாள்கூட அன்று உங்களிடம் பேச வரவில்லை. நன்றி சொன்னால் உங்களுக்கு வலிக்கும் என்று நினைத்ததாக இப்போது சொல்கிறார்.

தாழ்ந்த நாளிலும் தளராத தகைமையாளரே,

அதன்பின் வந்த ஆண்டுகள் எளியவை அல்ல. அந்த வங்கி கைவிட்டது. கப்பல் கொட்டையைக் கொஞ்சமாக வாங்கி, வாரத்தில் பாதி நாள் ஆலையை ஓட்டினோம். அந்தப் பாதி நாளையும் எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்தீர்கள். ஒருவரையும் நிறுத்தவில்லை. விவசாயிகளின் கொல்லை கொல்லையாகப் போய் ஒட்டுக்கன்றுகளைக் கொடுத்தீர்கள். இயக்குநர் பதவி வரவேயில்லை. அதைப்பற்றி நீங்கள் பேசியும் நாங்கள் கேட்டதில்லை.

உங்கள் திட்டம் தவறானது என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். துறைமுகத்துக்குப் போன ஆலைகளில் சில செழித்திருக்கின்றன, சில மூடிவிட்டன. என் யோசனையெல்லாம் வேறொன்றில்தான் நிற்கிறது. வெளியே வீசிய காற்று எல்லோரையும் வளைத்ததுபோல் உங்களையும் வளைத்தது. உங்களைத் திரும்பி நிற்கவைத்தது, உப்புமா போன்ற சில்லறை யோசனைகளுக்காக நீங்கள் முன்பே பழக்கி வைத்திருந்த ஒரு சின்ன வழக்கம். தலைவர் ஆக்கிய வழக்கம் தலைவரையே மறித்தது. நான் படித்த இரண்டு கட்சி நூல்களிலும் இதற்கு இடம் இல்லை.

இந்த ஆண்டு அது மறுபடியும் நடந்தது. அடைக்கப்பன் ஐயாவுக்குப் பின் சேர்மனான அவர் மகள் வித்யா அம்மா, உங்கள் பணிக்காலத்தை இரண்டு ஆண்டு நீட்டிக்கும் யோசனையைக் கொண்டுவந்தார். மகிழ்ச்சியில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நீங்கள் சன்னலோர நாற்காலியைப் பார்த்தீர்கள். வித்யா அம்மா சிரித்துக்கொண்டே எழுந்துபோனார். உட்கார்ந்தபோது சிரிப்பு போய்விட்டது.

"வித்யாவுக்குப் பயம். அதான் இந்த யோசனை. திலகவதி மேடம் பக்கத்துல இருந்தா தப்பு பண்ண வேண்டியிருக்காதுன்னு நினைக்கிறாங்க. ஆனா அவங்க இருக்கிற வரைக்கும் நாம எல்லாரும் அவங்க முகத்தப் பாத்துட்டுத்தான் பேசுவோம். ரெண்டு வருசம் கழிச்சும் இதே பயம் இருக்கும். அப்புறம், அவங்க முட்டியப் பிடிச்சுக்கிட்டு மாடி ஏறி வர்றத வித்யா தினமும் பாக்குறாங்க. இன்னும் ஏறி வாங்கன்னு கேக்குறது என்ன நியாயம்?"

"பாவி மக, நல்லாப் பேசிருச்சே" என்று இன்னாசியம்மாள் என் காதில் சொன்னார். 

நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "யோசனை தோத்துருச்சு. அடுத்தது என்னங்க?" என்றீர்கள்.

அதனால்தான் இன்று இந்த விழா.

அந்த நாற்காலியையே உங்களுக்கு நினைவுப் பரிசாகத் தரலாம் என்று நான் முன்மொழிந்தேன். என்னை அதில் உட்காரவைத்தார்கள். "செம்மலுக்கு மேடம் போறது தாங்கல, அதான் நாற்காலியையும் கூட அனுப்பப் பாக்குறாரு. நாளைக்கு நாங்க எதுல உக்காருறது?" என்று நானே கேட்க வேண்டியதாயிற்று. தோற்றேன். ஆகவே உங்களுக்குக் கிடைப்பது இந்த மடலும் அதைப் போட்டிருக்கும் கண்ணாடிச் சட்டமும்தான்.

உங்கள் முட்டிவலி தணியட்டும். காலையில் எழுந்ததும் எந்த ஆலைச் சங்கும் உங்களை அழைக்காதிருக்கட்டும். இத்தனை காலம் எங்கள் சொல்லைக் கேட்ட உங்கள் செவிகள் இனி உங்களுக்குப் பிடித்ததை மட்டும் கேட்கட்டும். நெடுநாள் நலமாக இருங்கள். நாங்கள் வந்து நிற்கும்போது திட்டுவதற்கான வலு உங்களிடம் என்றும் இருக்க வேண்டும்.

இனி எங்கள் நிலை. அடைக்கப்பன் ஐயா திருமயம் பக்கத்துத் தம் ஊருக்கே திரும்பிவிட்டார். இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். வித்யா அம்மா சேர்மனாகத் தொடர்கிறார். அய்யப்பன் கொள்முதல் பிரிவுக்கு மாறியிருக்கிறார். உடைப்புப் பிரிவில் சிலர் வயதாகி நின்றுவிட்டார்கள், மற்றவர்கள் வேலையில் இருக்கிறார்கள். இன்னாசியம்மாள் மேற்பார்வையாளராகவே இருக்கிறார், உப்புமாவும் இருக்கிறது. நான் இன்னும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். ஒட்டுக்கன்றுகள் காய்க்கின்றன. நாற்காலி சன்னலோரத்தில் இருக்கிறது. நீங்கள் நாளை முதல் அன்னவாசலில் உங்கள் வீட்டில் இருப்பீர்கள்.

என்றும் உங்கள் அன்பில்,
உடைப்பு, உலர்களம், தரம்பிரிப்பு, கொள்முதல், கேன்டீன், அலுவலகப் பிரிவுகளின் ஊழியர்கள்,
வெள்ளாறு முந்திரிப் பருப்பு நிறுவனம், அறந்தாங்கி.