மஞ்சள் தீ பற்றிய பக்கம்

போன மாதம் எனக்குக் கடைவாய்ப்பல் வலித்தது. போனை எடுத்து, ‘பல் மருத்துவர், கோர்ட்ரெய்க்’ என்று தட்டி, முதலில் வந்த பெயரை அழுத்தினேன். இரண்டாவது பெயரைப் பார்க்கக்கூட இல்லை. அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் முதல் பெயரைத்தான் அழுத்தினேன். வலி இருக்கும்போது யாரும் கீழே இறங்கிப் படிப்பதில்லை. காலையிலிருந்து நீங்கள் ‘ஏன், ஏன்’ என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். இது புரிந்தால் உங்கள் கேள்விகளில் பாதி தேவைப்படாது.

என் பெயர் டீடரிக். சிறு கடைக்காரர்களின் இணையதளத்தைத் தேடல் பட்டியலில் மேலே கொண்டுவருவது என் தொழில். ரொட்டிக்கடை, சைக்கிள் பழுது பார்ப்பவர், நாய்க்கு முடி வெட்டும் பெண் எல்லாரும் வருவார்கள். அவர்கள் நாற்பதாவது இடத்தில் கிடப்பார்கள். நான் மூன்றாவது இடத்துக்குக் கொண்டுவருவேன். கிறிஸ்துமஸுக்குச் சாக்லேட் அனுப்புவார்கள்.

ரூலாண்ட் மூன்று குளிர்காலத்துக்கு முன் வந்தான். குளியலறைக்கும் சமையலறைக்கும் கேஸ் ஹீட்டர் பொருத்துபவன். பழுதும் பார்ப்பான். ஆற்றங்கரை வண்டிக்கடையில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக்கொடுத்து, நின்றுகொண்டே பேசினான்.

“ஊர்லயே முதல் ஆளா வரணும்னெல்லாம் எனக்கு ஆசை இல்லப்பா. அந்த கோடெலீவ் இருக்காள்ல, அவளுக்கு மேல வந்தாப் போதும்.”

“அவங்கதானே முதல் இடம்” என்றேன்.

“அப்ப சரியாத்தான் சொல்லியிருக்கேன்” என்று சிரித்தான். உதட்டோரம் மயோனீஸ் ஒட்டியிருந்தது.

கோடெலீவை எனக்கு முன்பே தெரியும். ஐம்பத்தேழு வயது. மாதா கோயிலுக்குப் பின்னால் பட்டறை வைத்து, தனியாகவே ஹீட்டர் வேலை செய்பவள். அதற்கு முந்தின வருடம் அவளுடைய இணையதளத்தைச் சரிசெய்து தருகிறேன் என்று நானே போய்க் கேட்டேன். பட்டறையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டே நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

“தம்பி, என்கிட்ட வர்றவங்களுக்கு என் நம்பர் மனப்பாடம். எத்தனாவது இடத்துல இருக்கேன்னு தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன்? இத்தன வளந்த ஆளு, ஒழுங்கா ஒரு வேலைக்குப் போகக் கூடாதா?”

அந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். உட்காருங்கள் என்று அவள் சொல்லவில்லை. இதெல்லாம் என் மனதில் தங்கவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

என் வருத்தம் தொழில் சம்பந்தமானது. அவள் இணையதளத்தில் ஒரு முகவரி, ஒரு போன் நம்பர், மங்கலான ஒரு படம். அவ்வளவுதான். ஒரு வேலையும் செய்யாமல் முதல் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊர் முழுக்க அவளைப் பற்றி நீளநீளமாக ரிவ்யூ எழுதி வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தாள், காசு வாங்க மறுத்தாள், பாட்டிக்குக் குழாயும் சேர்த்துச் சரிசெய்தாள் என்று. எழுதியவர்கள் எல்லாம் நிஜ மனிதர்கள். அதை மிஞ்சுவது எளிதல்ல.

முதலில் முறையாகத்தான் செய்தேன். ரூலாண்டின் தளத்தை வேகப்படுத்தினேன். சுற்றியுள்ள ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு பக்கம் எழுதினேன். இரண்டாவது இடம் வந்தது. அங்கேயே நின்றது.

என்னிடம் நாற்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள். அதாவது, நாற்பத்து மூன்று பெயர்கள். ஒவ்வொருவருக்கும் முகம், பிறந்தநாள், பிடித்த கால்பந்து அணி எல்லாம் உண்டு. நான்தான் வளர்த்தேன். அவர்கள் ரூலாண்டைப் புகழ்ந்து எழுதினார்கள். பிறகு கோடெலீவைப் பற்றியும் எழுதினார்கள். வந்தபோது பீர் நாற்றம் அடித்தது என்று ஒருவர். அவள் போன பிறகு அலமாரியில் இருந்த சங்கிலியைக் காணோம் என்று இன்னொருவர். பொய் நம்பும்படி இருக்க வேண்டுமானால் அதில் கொஞ்சம் தயக்கம் வேண்டும். ‘நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை’ என்று முடித்தேன்.

கடைசியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பட்டறையின் இறக்கிய ஷட்டரைப் படம் எடுத்து, இந்தக் கடை நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது என்று இணைய வரைபடத்துக்குத் தெரிவித்தேன். நாற்பத்து மூன்று பேரும் ஆமாம் என்றார்கள். மறுவாரம் ரூலாண்ட் முதல் இடத்துக்கு வந்தான்.

அவள் தன் பெயரைத் தானே தேடிப் பார்க்கும் ரகம் இல்லை. அதனால் ஐந்து வாரம் அவளுக்குத் தெரியவில்லை. அந்த நாட்களில் இரண்டு தடவை அந்தப் பக்கமாகச் சைக்கிளில் போனேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு வழி அதுதான். வேண்டுமென்று போகவில்லை.

பிறகு என் அலுவலகத்துக்கு வந்தாள். நல்ல மழை. கோட்டைக் கழற்றாமலே நின்றாள்.

“என் கடைய மூடினது யாரு?”

“எனக்கு எப்படிங்க தெரியும்?”

“ரூலாண்டுக்கு நீதான் எல்லாம் பண்றேன்னு ஊரே சொல்லுது. சரி, அத விடு. அவன் வைக்கிற புகைக்குழாயப் பாத்திருக்கியா?”

“நான் ஹீட்டர் வேலை பாக்கிறவன் இல்லையே.”

“பாத்திருந்தா தூங்க மாட்ட. புகை போற வழி அவ்ளோ குறுகலா இருக்கு. அவன் ஆளுங்க அளவே எடுக்கிறதில்ல. புகை வெளிய போகாம வீட்டுக்குள்ளயே திரும்புது. மூணு வீட்ல நானே கழட்டிப் போட்டிருக்கேன். நீ ஜனங்கள எங்க அனுப்பி வைக்கிறேன்னு உனக்குத் தெரியுதா, தம்பி?”

“எழுத்துல குடுங்க. அவர்கிட்ட சேத்துடறேன்.”

“குடுக்கிறேன். அதையும் நீ கீழதான தள்ளுவ?”

மூன்று முகவரிகளோடு கடிதம் வந்தது. என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்து நீங்கள் எடுத்தது அதுதான். ரூலாண்டிடம் சேர்க்கவில்லை. வரைபடத்தில் அவள் தன் கடையைத் திரும்பத் திறக்கவைத்தாள். நான் மறுபடி மூடினேன். மூன்று முறை இப்படி நடந்தது. நான்காவது முறை அவள் முயற்சி செய்யவில்லை.

இப்போது அந்தப் பக்கத்துக்கு வருகிறேன்.

மக்கள் என்ன தேடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அக்டோபர் பிறந்தால் ஹீட்டர்கள் பற்றவைக்கப்படும், கேள்விகளும் வரும். ‘ஹீட்டரில் மஞ்சள் தீ.’ ‘ஹீட்டர் போட்டால் தலைவலி.’ நிறையப் பேர் இதைத் தேடினார்கள். முதல் இடத்தில் தீயணைப்புத் துறையின் பக்கம் இருந்தது. அதில் புகை பற்றி ஓர் எச்சரிக்கை, அதன் கீழே மொத்தமே நாலு வரி. ஹீட்டரை அணையுங்கள். ஜன்னல்களைத் திறங்கள். வீட்டைவிட்டு வெளியே வாருங்கள். எங்களைக் கூப்பிடுங்கள்.

அதைப் படிப்பவர் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுவார். ரூலாண்டைக் கூப்பிட மாட்டார். பயந்தவர்களால் எந்தக் கடைக்காரருக்கும் பயன் இல்லை. நிதானமாக இருப்பவர்தான் கீழே வரை படித்து, நேரம் குறித்துக்கொள்வார். அதனால் நீளமாக, நிதானமாக ஒரு பக்கம் எழுதினேன். எழுதியவராக எமீல் என்று ஒருவரை வைத்தேன். முப்பது வருட அனுபவம், வெள்ளை மீசை, அன்பான கண்கள். பெரும்பாலும் மஞ்சள் தீக்குக் காரணம் தூசியும் ஜன்னல் காற்றும்தான், பதற வேண்டாம், காற்று உள்ளே வராமல் பார்த்துக்கொண்டு எங்கள் ஆள் வரும்வரை பொறுத்திருங்கள் என்று எமீல் சொன்னார்.

நவம்பரில் அந்தப் பக்கம் தீயணைப்புத் துறையைத் தாண்டி முதல் இடத்துக்கு வந்தது. ஒரு தனியாள் எழுதிய பக்கம், மேடம். அன்று ரூலாண்ட் கேக் வாங்கி வந்தான்.

அன்னெலோர் என்ற பெண்ணின் வீட்டில் ரூலாண்டின் ஆட்கள் அக்டோபரில் ஹீட்டர் பொருத்தியிருந்தார்கள். வாடகை வீடு. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஃபீன் என்று ஏழு வயதில் ஒரு மகள். இதெல்லாம் நீங்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அவள் ஒற்றை ஸ்டார் மட்டும்தான்.

‘ஹீட்டர் வெச்சதுலேருந்து குளிச்சிட்டு வந்தா பொண்ணுக்குத் தலை வலிக்குது, வாந்தி எடுக்கிறா. நாலு தடவ போன் பண்ணிட்டேன். யாரும் வரல’ என்று எழுதியிருந்தாள்.

ரூலாண்ட் உடனே கூப்பிட்டான். “ஒருத்தி ஒரு ஸ்டார் போட்டிருக்கா. தூக்குப்பா அத.”

“வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்பிப் பாக்கலாமே” என்றேன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

“ஆளுக்கு எங்க போவேன்? ஜனவரில பாத்துக்கலாம். சில பொம்பளைங்களுக்குத் தலைவலி இல்லன்னாத்தான் ஆச்சரியம்.”

அது போலி ரிவ்யூ என்று என் நாற்பத்து மூன்று பேரும் புகார் செய்தார்கள். இரண்டு நாளில் மறைந்தது. அவள் மறுபடி எழுதினாள். மறுபடி மறைந்தது. மூன்றாவது தடவை படத்தோடு போட்டாள். சிறுமி கட்டிலில் படுத்திருக்கிறாள், பக்கத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளி. படம் போட்டால் எல்லார் கண்ணும் அங்கேதான் போகும். நான்கு மாதம் கட்டிக்காத்த மதிப்பெண் ஒரே நாளில் இறங்கியது. அதை நீக்க ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் காலையில் எழுந்ததும் அவள் பெயரைத்தான் முதலில் பார்த்தேன். வேலை இல்லாதவள் என்று நினைத்தேன். பிள்ளையை வைத்து இரக்கம் சம்பாதிக்கிறவள் என்று நினைத்தேன். டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியதுதானே என்றும் நினைத்தேன். போயிருக்கிறாள். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை. காலை பதினொரு மணி. அவள் போனில் என்ன இருந்தது என்று நீங்கள் காட்டிவிட்டதால் எனக்கும் இப்போது வரிசை தெரியும். முதலில் ‘கோடெலீவ், கேஸ் ஹீட்டர்’ என்று தேடியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருப்பார்கள். நிரந்தரமாக மூடப்பட்டது என்று வந்திருக்கிறது. அடுத்து ‘ஹீட்டர் மஞ்சள் தீ’ என்று தேடியிருக்கிறாள். என் பக்கம் வந்திருக்கிறது. பதினொரு நிமிடம் படித்தாள். அது எனக்கு அப்போதே தெரியும். ஒருவர் ஒரு பக்கத்தில் பதினொரு நிமிடம் நிற்பது அபூர்வம்.

பிறகு கீழே இருந்த கட்டத்தில் கேள்வி எழுதினாள். ‘வணக்கம் எமீல். எங்க பாத்ரூம் ஹீட்டர்ல தீ மஞ்சளாத்தான் எரியுது. ஜன்னல் லேசா திறந்துதான் இருக்கு. நாளைக்குப் பொண்ணக் குளிப்பாட்டணும். அணைச்சே வெச்சிடட்டுமா?’ கீழே பெயர் போட்டிருந்தாள்.

காலையில் இதைப் பற்றிக் கேட்டபோது, கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் பக்கம் கீழே இறங்கிவிடும், அதனால் வழக்கம்போல ஒரு பதிலைப் போட்டேன் என்றேன். அது உண்மையல்ல. ஒரு கேள்விக்காகப் பக்கம் இறங்காது. யார் கேட்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை என்றேன். பார்த்தேன். ஒன்பது நாள் பார்த்த பெயர்.

‘அணைக்க வேண்டியதில்லை அம்மா’ என்று எழுதினேன். ‘உங்கள் ஜன்னல்தான் காரணம். இறுக்கமாக மூடிவிடுங்கள். இடுக்குகளில் அகல நாடா ஒட்டினால் இன்னும் நல்லது. இரண்டு நாளில் தீ நீலமாகிவிடும். நிம்மதியாகக் குளிப்பாட்டுங்கள்.’

ஜன்னலில் இருந்த நாடாவின் படத்தை மேசையில் வைத்துவிட்டு, இது உங்கள் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். பக்கத்தில் இல்லை. அது அவளுக்காக மட்டும் எழுதியது. தீயணைப்புத் துறையின் நாலு வரி எனக்கு மனப்பாடம். அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுத்தான் என் பக்கத்தையே எழுதினேன். அந்தப் புகைக்கு நிறமில்லை, வாசனையில்லை, தெரியாமலே ஆளைக் கொல்லும் என்று அங்கேயே போட்டிருந்தது. ஆகவே எனக்குத் தெரியும். அணைச்சிடட்டுமா என்றுதான் கேட்டாள். ஆமாம் என்று ஒரு சொல் போதும். அது எனக்குத் தோன்றியது. தோன்றிய பிறகுதான் மற்றதை எழுதினேன்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஃபீனைக் கூட்டிப்போக அவளுடைய அப்பா வந்திருக்கிறார். குளியலறைக் கதவை உடைத்தார். சிறுமி தொட்டியில் இருந்தாள். அன்னெலோர் தொட்டியின் விளிம்பில் தலை சாய்த்திருந்தாள், கையில் துண்டு. இருவருக்கும் உயிர் இல்லை. இதை நீங்கள் படித்துக்காட்டியபோது நான் குறுக்கே பேசவில்லை.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ரூலாண்டுக்கு அந்தப் பதிலைப் பற்றித் தெரியாது. கடையை மூடியது நான், ரிவ்யூக்களை நீக்கியது நான், எமீலும் நான். கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ‘பகை காரணமாக’ என்று எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள். அன்னெலோர்மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. பதில் போட்ட மூன்றாவது நிமிடம் ஐந்து ஸ்டார் கொடுத்து, ‘நன்றி எமீல், இத்தன நாள்ல நீங்க ஒருத்தர்தான் என்னய மதிச்சுப் பதில் சொல்லியிருக்கீங்க’ என்று எழுதினாள். அவளே எழுதியிருக்கிறாள், மேடம். நான் எழுதியது அல்ல.