உடனே பதில் போடுகிற ஆள்

டீ நன்றாக இருக்கிறது சார். எங்கள் ஆபீசில் டீ ஆறி ஏடு கட்டிய பிறகுதான் குடிப்பேன். அவ்வளவு மெயில்.

திருச்செங்கோட்டில் ஒரு ரிக் கம்பெனிக்கு நான் மேனேஜர். தண்ணீருக்குப் போர் போடும் வண்டிகள் ஊர் ஊராக ஓடும். போனில் சொன்னதை அப்புறம் யாரும் ஒத்துக்கொள்வதில்லை என்பதால் முதலாளி ஒரு சட்டம் போட்டார். எதையும் மெயிலில் கேட்க வேண்டும், மெயிலில் பதில் வந்தால்தான் செய்ய வேண்டும். டீசல் அடிக்கலாமா, சமையல்காரரை ஊருக்கு அனுப்பலாமா, பூசைக்குக் கிடா வெட்டலாமா, எல்லாவற்றுக்கும் மெயில். காலையிலிருந்து சாயங்காலம் வரை 'சரி' என்று அடிப்பதே என் உத்தியோகம். அதற்குத்தான் எம்.பி.ஏ. படித்தீர்களா என்று என் மனைவி தேவிப்ரியா சிரிப்பாள்.

சேலத்தில் ஒரு ஓட்டலில் நேர நிர்வாக வகுப்பு நடந்தது. போனேன். மெயிலை நாளுக்கு இரண்டு முறைதான் திறக்க வேண்டும், ஒரு முறை பார்த்த மெயிலை மறுபடி தொடக்கூடாது என்றார்கள். நான் அதோடு நிற்கவில்லை. என் மூளை அப்படி. வண்டிகளிலிருந்து எந்த மெயில் வந்தாலும் "சரிங்க, அப்படியே செய்யுங்க" என்று தானாகப் பதில் போகும்படி வைத்துவிட்டேன். யோசித்துப் போட்ட மாதிரி இருக்கட்டும் என்று கொஞ்சம் தாமதமாகப் போகச் செய்தேன்.

ஒரு குறையும் இல்லாமல் வேலை ஓடியது சார். அதுவரை நான் செய்துவந்ததும் அவ்வளவுதான் என்று தெரிந்ததில் அவமானமாகக்கூட இருந்தது. தீபாவளி போனஸ் கொடுக்கும்போது முதலாளி எல்லோர் முன்னாலும், "பதில் போடறதுன்னா நம்ம சந்திரசேகரைப் பாத்துக் கத்துக்கோணும்" என்றார். கூச்சப்படுகிற மாதிரி நின்றேன்.

மதியழகன் மூன்றாம் வண்டியைப் பார்த்துக்கொள்கிறவன். வண்டி ஆத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் நின்றது. கம்ப்ரசரிலிருந்து காற்றுப் போகும் ஓஸ் ஓரிடத்தில் உப்பியிருக்கிறது, இந்த ஒரு போரை மட்டும் அதை வைத்தே முடித்துவிடலாமா, வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன் என்று கேட்டிருந்தான். பதில் போய்விட்டது.

அந்த மெயிலை நான் பார்க்கவே இல்லை, பதிலும் நான் போட்டதில்லை என்று போன வாரம் உங்களிடம் சொன்னேன். பார்த்தேன் சார். மதியம் மெயில் திறக்கிற நேரம் அது. ஓஸ் வெடித்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். போனை எடுத்தேன். எடுத்து என்ன சொல்வது? நான் போட்ட பதிலை நான் போடவில்லை என்றா? வண்டிக்கு வண்டி சொல்லிச் சிரிப்பார்கள். முதலாளி காதுக்கும் போகும். பார்த்த மெயிலை மறுபடி தொடக்கூடாது என்று வகுப்பில் சொன்னது சமயத்தில் நினைவுக்கு வந்தது. போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். தட்டப்பயறுக் குழம்பு, இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டேன்.

கை கழுவும்போது மதியழகன் கூப்பிட்டான். "இளவழகன் போயிட்டானுங்கண்ணா. ஓஸ் வெடிச்சு நெஞ்சுல அடிச்சிருச்சுங்க. நீங்க சரின்னீங்களேங்கண்ணா" என்று அழுதான். இளவழகன் அந்த வண்டியின் டிரில்லர். கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகவில்லை. எனக்கு முதலில் பயம்தான் வந்தது சார். துக்கம் அப்புறம்தான் வந்தது.

நான் பார்க்கவில்லை என்றதும் நீங்கள் மதியழகன் பக்கம் திரும்பினீர்கள். பாவம், பிள்ளைகுட்டிக்காரன். அவன்தான் உள்ளே போவான் என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. நேற்று அவன் இங்கே வருவதற்கு முன்னால், கம்பெனிச் சட்டப்படி, எனக்கு ஒரு மெயில் போட்டிருக்கிறான். "அண்ணா, நீங்க சொல்லித்தான் ஓட்டுனோம்னு ஸ்டேஷன்ல சொல்லிப்போடட்டுங்களா?"

தானாகப் போகிற பதிலை நான் நிறுத்த மறந்திருந்தேன். சரிங்க, அப்படியே செய்யுங்க என்று போயிருக்கிறது. அதைத்தான் நீங்கள் அச்செடுத்து மேசைமேல் வைத்திருக்கிறீர்கள்.

ஆனாலும், நானாகவே முன்வந்து உண்மையைச் சொன்னேன் என்று எழுதிக்கொள்ளுங்கள் சார்.