கைதட்டாத சபைக்கு நன்றி

நர்ஸ் அக்கா, நாளைக்கு நான் பேச வேண்டிய நன்றியுரை இது. பயத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டால் நீங்களே படித்துவிடுங்கள். அதுவரை இதை யாரிடமும் காட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அப்பாவின் காதுக்கு மட்டும் போகவே கூடாது. போர்வைக்குள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது டார்ச்சின் குற்றம்.

தலைமை நாற்காலியை அலங்கரிக்கும் நர்ஸ் அக்கா அவர்களே! கடையின் பின்னறையையும் கருப்புப் பியானோவையும் எங்களுக்குத் திறந்து கொடுத்த கண்ணாடிக் கடை மாமா அவர்களே! குழாய் முறுக்கும் கையாலேயே பியானோக் கட்டைகளைக் குழைய வைக்கும் குழாய்க்கார அண்ணன் அவர்களே! எங்கள் வாசிப்பைக் கேட்கத் துணிந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! சுவரோரம் உட்கார்ந்து என்னைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருக்கும் என் அம்மாவே! அனைவருக்கும் என் வணக்கம்.

நாங்கள் யார்? மேதைகளா? இல்லை. மேடை கண்டவர்களா? அதுவும் இல்லை. வாரமெல்லாம் வேலை பார்த்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடி, ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுகிறவர்கள். தப்பாக வாசிப்போம், தயங்காமல் வாசிப்போம், தப்பிய இடத்திலிருந்தே தொடர்ந்து வாசிப்போம்!

அண்ணனின் விரல் தடிமன். ஒரு கட்டையைத் தொட்டால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து பேசும். கேட்டால் என்ன சொல்வார் தெரியுமா? "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்மா!" சிரியுங்கள், சிரியுங்கள். அவரே முதலில் சிரிப்பார்.

புதிதாக வந்தவர்கள் ஒன்று கவனித்திருப்பீர்கள். இங்கே யாரும் கைதட்டுவதில்லை. என்ன கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் நர்ஸ் அக்காவின் வீடு. இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு மதியம்தான் படுப்பார். இந்தச் சபை தொடங்கிய புதிதில் ஒருநாள், கலைந்த தலையோடு வந்து கதவைத் திறந்தாராம். பியானோவை மூடச் சொல்லப் போகிறார் என்று மாமா பயந்துபோனாராம்.

"வாசிங்க, நல்லா வாசிங்க. அதைக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வருது. முடிஞ்சதும் படபடன்னு கையைத் தட்டறீங்க பாருங்க, அதுலதான் தூக்கிவாரிப் போடுது!"

அன்றிலிருந்து, பிடித்திருந்தால் நாற்காலிக் கட்டையில் விரல் கணுவால் மெதுவாகத் தட்டுவோம். டொக் டொக். அவ்வளவுதான் எங்கள் ஆரவாரம். தூங்க வேண்டிய அக்கா இப்போது தூக்கத்தை விட்டுவிட்டு வாசிக்க வருகிறார். ஆனாலும் அந்தப் பழக்கத்தை நாங்கள் விடவில்லை.

இனி என் கதை. பள்ளி விழாவில் வாசிக்க உட்கார்ந்தேன். பாதிப் பாட்டில் கை நின்றுவிட்டது. எவ்வளவு தேடியும் அடுத்த சுரம் வரவில்லை. மண்டபமே என்னைப் பார்த்தது. அப்பா மேடையேறி வந்து என் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போனார். பஸ்ஸில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அப்படி நீ தவிச்சதை என்னால பாக்க முடியலம்மா. இனி இந்தப் பியானோ வேண்டாம்."

அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். என் அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரார் லிஃப்டுக்குள் நடுவழியில் மாட்டிக்கொண்டால் ஓடிப்போய் மீட்பவர். உள்ளே இருப்பவர்கள் அழுதால், முதலில் வெளியிலிருந்து கதவை மெல்லத் தட்டி, "நான் இங்கதான் இருக்கேன்" என்பாராம். அப்படிப்பட்டவருக்குத் தன் மகள் பாட்டின் நடுவழியில் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்?

"அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன், நீ வா" என்று அம்மாதான் என்னை இங்கே அழைத்து வந்தார். இன்னும் சொன்னபாடில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவுக்குத் தெரியாமல்தான் வருகிறேன். தெரிந்துவிட்டால் இந்த அறையும் போய்விடுமே!

இங்கே முதல்முறை வாசித்தபோது என்ன ஆயிற்று? அதே பாட்டு. அதே இடம். அதே மாதிரி கை நின்றுவிட்டது. அப்போது, மூலையில் கண்ணயர்ந்திருந்த மாமா திடுக்கிட்டு விழித்து, பாட்டு முடிந்துவிட்டது என்று எண்ணி, டொக் டொக் என்று நாற்காலியைத் தட்டினார்!

"மாமா, இன்னும் முடியல!" என்றார் அண்ணன்.

"முடியலையா? நின்ன இடமே நல்லாத்தானே இருந்துச்சு!"

"அப்போ மிச்சம் இன்னும் நல்லா இருக்கும். தூங்காம கேளுங்க" என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கை இறுகுமா? நின்ற இடத்திலிருந்தே எடுத்தேன், கடைசிவரை வாசித்தேன். எல்லோரும் தட்டினீர்கள். கதவுக்கு வெளியிலிருந்தும் மெல்ல ஒரு தட்டல் கேட்டது. யாரோ தாமதமாக வந்திருக்கிறார்கள் என்று மாமா போய்த் திறந்தால், ஆளைக் காணோம், படியில் மழையில் நனைந்த ஒரு செருப்புத் தடம் மட்டும்தான்.

மேடை என்பது என்ன? உயரமா? விளக்கா? ஒலிபெருக்கியா? ஒருத்தி தடுமாறி நிற்கும்போது எழுந்து போகாமல் காத்திருக்கும் காதுகள் எங்கே இருக்கின்றனவோ, அங்கே இருக்கிறது மேடை! எனக்குப் பாடம் சொல்லித் தந்தீர்களா? இல்லை. பரிசு தந்தீர்களா? இல்லை. பொறுத்திருந்து கேட்டீர்கள். அதற்கு நன்றி. தப்பைக் கேட்டும் தலைகுனிய வைக்காததற்கு நன்றி. தவறிப்போய்த் தட்டிய மாமாவின் விரலுக்கு ஆயிரம் நன்றி!

அப்பா இந்தச் சபையில் இல்லை. இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். அப்பா, நான் மாட்டிக்கொள்ளவில்லை. கொஞ்சம் நின்றேன், அவ்வளவுதான். கதவுக்கு வெளியே நீங்கள் இருந்தால் போதும், நானே திறந்துகொண்டு வருவேன்.

இந்த வாய்ப்பைத் தந்த தலைவர் அவர்களுக்கும், இவ்வளவு நேரம் கேட்ட உங்களுக்கும் வணக்கம் கூறி...

அக்கா, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மா உள்ளங்கையால்தான் தட்டுவார். இது விரல் கணு. மெதுவாக, நம் அறையில் தட்டுகிற மாதிரியே. "முடிச்சுட்டியாம்மா? அப்பா இங்கதான் இருக்