மலையின் பின்பக்கம்

மரகதம்: …அதான் கேக்குறேன். செருப்பே போதுமா, இல்ல கேன்வாஸ் ஷூ வாங்கணுமா?

நாகப்பன்: எதுக்கு?

மரகதம்: பாறைக்குண்ணா. ஆயுத பூஜைக்கு மறுநாள் நீங்கல்லாம் மலைக்குப் போவீங்கல்ல. இந்த வாட்டி நானும் வரேன்.

நாகப்பன்: நீயா?

சரோஜா: ஏன், அவளுக்குக் கால் இல்லியா? டீ ஆறுது, குடிங்க.

நாகப்பன்: நீ கொஞ்சம் சும்மா இரு சரோஜா. மரகதம்… உன் புருஷன் கன்னியப்பன் தை மாசம் செத்துப் போனான். இன்னும் வருஷம் திரும்பல. அதுவரைக்கும் வூட்டு ஆளுங்க மலை ஏறக் கூடாதும்மா.

சரோஜா: அது சாமி இருக்குற மலைக்கு. நாகலாபுரத்தாண்ட நீங்க ஏறுறது வெறும் காடும் பாறையும். அங்க இன்னா சாமி கீது? போன வருஷம் உங்க சித்தப்பா செத்த ஈரம் காயல, நீங்க போவல?

நாகப்பன்: அது வேற.

சரோஜா: இன்னா வேற?

நாகப்பன்: அவரு… தூரத்து சித்தப்பா.

சரோஜா: கருமாதிக்கு மொட்டை போடும்போது கிட்டத்து சித்தப்பாவா இருந்தாரு.

மரகதம்: உடுங்கண்ணி. அண்ணா, வருஷா வருஷம் போயிட்டு வந்து, 'அடுத்த வாட்டி உன்னையும் கூட்டிக்கினு போறேன் மரகதம்'னு சொல்லிக்கினே இருந்தாரு. இனிமே நான் யாரைக் கேக்கறது? ஃபேக்டரில அவரோட ஒரே பிரஸ் ஷாப்ல, தகடு அடிக்கிற மிஷினாண்ட நின்னவரு நீங்கதானே.

நாகப்பன்: வழி லேசுப்பட்டது இல்லம்மா. விடியக்காலைல ஸ்ரீபெரும்புதூர் போயி மொத பஸ்ஸைப் புடிக்கணும். திருவள்ளூர்ல மாறணும், ஊத்துக்கோட்டைல மாறணும். மே மாசம் ஸ்ரீபெரும்புதூர்ல குண்டு வெடிச்சதுலேந்து பஸ் ஸ்டாண்டுல போலீஸ்காரன் பையத் தொறந்து தொறந்து பாக்குறான்.

சரோஜா: பாக்கட்டுமே. பையில புளிசோறுதானே இருக்கும்.

மரகதம்: சோறு நான் கட்டிக்கினு வரேன். மோர் மொளகாயும் வறுத்து எடுத்துக்கலாம். எத்தினி பேரு?

நாகப்பன்: பரசுராமன், சுப்பராயன், நான். அவ்ளோதான் இப்ப.

மரகதம்: என்னோட சேத்து நாலு. எப்பவும் போற மாதிரி.

சரோஜா: சரின்னு சொல்லுங்களேன். புள்ள முகத்தைப் பாருங்க.

நாகப்பன்: சரி, வா. ஓடை வரைக்கும் வா. தண்ணி நல்லா ஓடும், நெழல் இருக்கும். நீயும் சரோஜாவும் அங்க குந்திக்கினு இருங்க. நாங்க மேல போயி சுத்திக்கினு வந்துடறோம்.

சரோஜா: என்னைய எதுக்கு உள்ள இழுக்குறீங்க?

மரகதம்: தண்ணியாண்ட குந்தறதுக்கு எனக்கு செம்பரம்பாக்கம் ஏரிக்கரை போதும்ணா. நான் முழுசா சுத்தணும். ஓடை வழியா ஏறி, உச்சியத் தாண்டி, பின்பக்கமா எறங்கி, திரும்ப அதே ஓடைக்கு வரணும்.

நாகப்பன்: பின்பக்கம் மட்டும் வேணாம்.

மரகதம்: ஏன்?

நாகப்பன்: முள்ளு. பாறை வேற வழுக்கும். கரடிகூட…

சரோஜா: கரடியா? இத்தினி வருஷத்துல ஒரு நாளும் கரடியப் பத்திப் பேசினதில்லியே.

நாகப்பன்: பேசியிருந்தா நீ உட்டிருப்பியா?

சரோஜா: உட்டிருக்க மாட்டேன். கரடி பாவம்.

மரகதம்: பின்பக்கம்தாண்ணா அழகுன்னு சொன்னாரு. பாதி எறக்கத்துல ஒரு குகை வருமாமே. உள்ள போனா காத்து சில்லுனு வந்து மூஞ்சில அடிக்குமாம். வாசல்ல ஒரு நாவ மரம்.

நாகப்பன்: ஆமா… குகை.

மரகதம்: எந்தப் பக்கம் வரும்? வலதா, இடதா?

நாகப்பன்: வலது. இல்ல… எறங்கும்போது இடது.

மரகதம்: அங்கேந்து பாத்தா பழவேற்காடு ஏரி வெள்ளிக் கம்பி மாதிரி தெரியும்னாரே?

நாகப்பன்: வெயில் இருந்தா தெரியும்.

சரோஜா: நல்லாக் கீதே. அடுத்த வூட்டுல குகை, காத்து, வெள்ளிக் கம்பி. எனக்கு மட்டும் வந்ததும் வராததுமா, 'வெந்நி போடு, காலை அமுக்கு.'

நாகப்பன்: அவன மாதிரி எனக்குச் சொல்ல வராதுடி.

மரகதம்: யாருக்கும் வராதுண்ணா. நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்தா மனுஷன் படுக்க மாட்டாரு. நான் சோறு வடிக்கறப்ப பக்கத்துல குந்திக்கினு மலையப் பத்திப் பேசுவாரு. கேக்கக் கேக்க, நானே அவரு பின்னால எறங்கற மாதிரி இருக்கும். இப்பல்லாம் அரிசி கொதிக்கிற சத்தம் மட்டும்தான் கேக்குது. ரேடியோ போட்டுப் பாத்தேன்… இல்லண்ணா, அது வேற சத்தம்.

சரோஜா: கூட்டிக்கினு போங்க. எறக்கத்துல கையப் புடிச்சி உட்டா ஆச்சு. முட்டி வலின்னு சாக்கு சொல்லாதீங்க.

நாகப்பன்: முட்டி இல்லடி.

சரோஜா: அப்ப இன்னா?

மரகதம்: நான் பாரமா இருக்க மாட்டேன்ணா.

நாகப்பன்: அதில்லம்மா. அங்க வந்து நின்னுக்கினு, எங்கண்ணா குகைன்னு நீ கேட்டா, நான் எதைக் காட்டுவேன்?

சரோஜா: இன்னா ஒளர்றீங்க?

நாகப்பன்: குகையும் இல்ல, நாவ மரமும் இல்ல. ஏரியும் தெரியாது, நடுவுல இன்னொரு மலை மறைக்குது. கன்னியப்பன் அந்தப் பக்கம் வந்ததே இல்ல மரகதம். மொத வருஷமே, ஓடையத் தாண்டி ஏறும்போது மாரைப் புடிச்சிக்கினு பாறைமேல சாஞ்சிட்டான். அதுலேந்து ஒவ்வொரு வருஷமும் எங்க சோத்து மூட்டைக்குக் காவலா ஓடையாண்டயே இருந்துடுவான். நாங்க எறங்கி வந்ததும், 'அந்தப் பக்கம் எப்படிடா இருந்துச்சு, எப்படிடா இருந்துச்சு'ன்னு தொளைச்சி எடுப்பான். முள்ளுடா, பாறைடான்னு நாங்க சொல்லுவோம். அதை வெச்சே அவனா ஒரு குகையக் கட்டி உங்கிட்ட சொல்லியிருக்கான்… அவன் மேல ஏறலன்னு உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்க மூணு பேரு கையிலயும் அடிச்சி சத்தியம் வாங்கினான்ம்மா.

மரகதம்: தெரியும்ணா. கெணத்துல ரெண்டு வாளி எறைச்சா கயித்தப் புடிச்சிக்கினு மூச்சு வாங்குறவரு, மலையச் சுத்திட்டு வந்தேன்னு சொன்னா நம்பிடுவேனா? ஆஸ்பத்திரின்னு பேச்செடுத்தா எழுந்து வெளிய போயிடுவாரு. மலைன்னா மட்டும் அந்த மூஞ்சியில ஒரு… அதைப் பாக்கறதுக்காகவே, 'அப்புறம், அப்புறம்'னு கேட்டுக்கினு இருந்தேன். தெரியும்னு காட்டிக்கினா சொல்றத நிறுத்திடுவாரே. குகை இல்லன்னா போவுதுண்ணா. அவரு போவணும்னு தவிச்ச பக்கம் அது. வெறும் முள்ளா இருந்தாலும் சரி, என்னை அங்க கூட்டிக்கினு போங்க.