கண்மையால் வரைந்த மீசை

தொம்மலூர்த் தமிழ் மன்றத் தலைவர் அனந்தபத்மநாபன் அவர்களே, முன்வரிசையை முகமலர்ச்சியோடு நிறைத்திருக்கும் மூத்தோரே, மடியில் மழலையும் மனத்தில் மறுநாள் சமையலுமாய் வந்திருக்கும் தாய்மாரே, கன்னட நாட்டில் கன்னித்தமிழ் காக்கும் கண்மணிகளே, வித்யாலட்சுமியின் வணக்கம்.

யூதர்கள்மீது ஐரோப்பா வளர்த்த வெறுப்பை ஆராய்பவள் நான். ஜெர்மனியில் படிப்பை முடித்துப் போன மாதம்தான் திரும்பினேன். மாறுவேடப் போட்டியின் முதல் பரிசைக் கொடுக்கச் சொல்லி இந்தக் கோப்பையை என்னிடம் நீட்டினார்கள். யாருக்கு? ஹிட்லருக்கு! ஆறு வயது பரத் விறைப்பாய்க் கை உயர்த்தினான். மன்றமே எழுந்து கைதட்டியது. அதிர்ந்துபோனேன். கோப்பையை இன்னும் நான் கொடுக்கவில்லை, பாருங்கள்.

"சின்னப் பையன்தானே மேடம்" என்கிறீர்களா, பின்வரிசையில்? சின்னவன்தான் ஐயா. மீசை வரைந்தது யார்? அவன் தாய் வீணாவைக் கேட்டேன். "ராஜா வேஷம்னா டிரெஸ் வாடகைக்கு எடுக்கணும் மேடம். இதுக்குக் கண்மை இருந்தா போதும்" என்றார். கள்ளமில்லாத பதில். அதுதான் என்னைக் கலக்கியது. அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றவன் முகம் நமக்குக் கண்மையளவு எளிதாகிவிட்டதா?

ஜெர்மனியில் ஒரு யூத மூதாட்டி என்னிடம் சொன்னார்: "முதலில் கல் வரவில்லையம்மா. ஊர்த் திருவிழாவில் எங்களைக் கேலிசெய்து, எங்களைப்போல் வேஷம் கட்டி ஆடினார்கள். எதிர்வீட்டுக்காரரும் சிரித்தார்."

எதிர்வீடு! தொண்ணூற்றொன்று டிசம்பரை மறந்தீர்களா? காவிரியின் பெயரால், தமிழரைத் தேடிக் கல்லும் கட்டையும் இந்த ஊர்த் தெருவில் திரிந்தன. என் அம்மா ஜானகி எங்கள் வாயைப் பொத்தி, "தமிழ்ல பேசாதீங்கடி" என்றாள். கூட்டம் எங்கள் கதவருகே வந்துவிட்டது. எங்கள் எதிர்வீட்டுக்காரர் என்ன செய்தார்? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். "இல்லிரோரெல்லா நம்மோரே" என்று கன்னடத்தில் சொன்னார். இங்கிருப்பவர்கள் எல்லாரும் நம்மவர்களே என்றார். கூட்டம் நகர்ந்தது. அந்தக் கோவிந்தப்பா இதோ, மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கிறார். நிமிருங்கள் ஐயா.

சிரித்த எதிர்வீடா, வந்து நின்ற எதிர்வீடா? எந்த வேஷத்தை நம் பிள்ளைகளுக்குக் கட்டப் போகிறோம்? எந்த நினைவை அவர்கள் நெஞ்சில் நடப் போகிறோம்? "பழசைக் கிளறாதீர்கள்" என்று சொல்லியே பாதுகாத்தவரையும் மறந்துவிட்டோமே.

வீணா, மகனை அழைத்து வாருங்கள். என் முந்தானையாலேயே மீசையைத் துடைக்கிறேன். அழாதே கண்ணா, தப்பு உன்னுடையதில்லை. கோவிந்தப்பா ஐயா, உங்கள் துண்டைக் கொஞ்சம் கொடுங்கள். பரத், தோளில் போட்டுக்கொள். உன் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. உள்ளே பயந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கதவை மறைத்து நில்.

அவன் நிற்கிறான். முதல் பரிசு இந்த வேஷத்துக்கு. இப்போது கைதட்டுங்கள் பெருமக்களே. நன்றி, வணக்கம்.