கட்டாரி யாருடையது என்பது குறித்து

என் பெயர் இராமச்சந்திரன், வயது 26, தகப்பனார் பெயர் எத்திலப்பன். புதூரை அடுத்த எங்கள் ஊரில் கீழத்தெருவில் குடியிருந்து வருகிறேன். மணியாச்சி ஜங்ஷனில் ஆறு வருடமாகத் தற்காலிக கேங்மேனாகத் தண்டவாள வேலை பார்க்கிறேன். இவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட எதிரி தங்கச்சாமி (41) என் உடன்பிறந்த அண்ணன். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வாக்குமூலம் கொடுக்க வரவில்லை.

சென்ற 3.9.79 திங்கட்கிழமை காலை எனக்கும் ரெங்கம்மாளுக்கும் (21) நாகலாபுரத்தில் பெண் வீட்டில் திருமணம். எங்கள் வகையறாவில் மாப்பிள்ளை தலைப்பாகையும் கச்சையும் கட்டி, இடுப்பில் கட்டாரி செருகித்தான் மணவறையில் உட்கார வேண்டும். மாப்பிள்ளை வர முடியாவிட்டால் அவருடைய கட்டாரியைப் பெண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, அவருடைய சகோதரி தாலி கட்டுவாள். கட்டாரி யாருடையதோ அவர்தான் கணவர். என் கட்டாரி ஒரு சாண் நீளம், பித்தளைப் பிடி போட்டது. அதை வைத்து வெண்டைக்காய்கூட நறுக்க முடியாது. சந்தேகமிருந்தால் நிலையத்தில் உள்ளதை எடுத்துப் பார்க்கலாம்.

அந்த வாரம் தண்டவாளம் மாற்றும் வேலை நடந்தது. லீவு எழுதினால் நிரந்தரப் பட்டியலில் பின்னால் போய்விடுவேன் என்று பயந்து நானே லீவு கேட்கவில்லை. கட்டாரியை அண்ணனிடம் கொடுத்து அனுப்பினேன். அது என் தவறுதான், வேறு யாரையும் சொல்வதற்கில்லை.

என் அக்காள் சுந்தரம்மாள் தாலி கட்டினாள். அதன் பிறகு எல்லோரும் பெண்ணை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து, பகல் ஒரு மணிக்கு எங்கள் ஊர் விலக்கில் இறங்கினார்கள். கட்டாரியைப் பைக்குள் மறைத்து எடுத்து வரக் கூடாது என்பது வழக்கம். ஆகவே அண்ணன் பட்டுத் தலைப்பாகையோடு, அதை வெளியே தெரியும்படி இடுப்பில் செருகியிருந்தார். பக்கத்து ஊர்களில் நடந்த அடிதடியால் ஆயுதம் வைத்திருக்கத் தடையுத்தரவு போட்டிருந்தது அவருக்குத் தெரியாது. அதைத் தமுக்கு அடித்து அறிவித்த அன்று அவர் ஆட்டுக்கிடையில் இருந்தார்.

காவலுக்கு நின்ற ஏட்டு, "யாரு கத்திலே இது?" என்று கேட்டார். என் பெயரைச் சொன்னால் போலீஸிலிருந்து ரயில்வேக்குப் போக வேண்டிய என் நன்னடத்தைச் சான்று கெட்டுவிடும் என்று நினைத்து அண்ணன், "என்னுதுதான் ஏட்டய்யா, நான் செஞ்சி வச்சது" என்று சொல்லிவிட்டார். ஏட்டு அதை எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்து, கட்டாரியைக் கைப்பற்றியதற்குச் சாட்சியாக ரெங்கம்மாளின் தகப்பனாரிடமே கையெழுத்து வாங்கினார். அதன் பிறகு மாமனார் மகளை எங்கள் ஊருக்குள் கால் வைக்க விடாமல் அடுத்த பஸ்ஸில் திருப்பி அழைத்துச் சென்றார்.

மறுநாள் தகவல் தெரிந்து நான் நாகலாபுரம் போனேன். மாமனார், "கட்டாரி ஒங்க அண்ணனுதுன்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். நீங்க எந்த முறையில பிள்ளையக் கூப்பிட வாரீங்க?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்து தெருவே கூடும்படி கத்தினேன். அதன் பிறகு ரெங்கம்மாள் வாசலுக்கு வந்து, "கல்யாணத்துக்குத்தான் கட்டாரிய அனுப்புனீங்க. இதுக்காவது போலீசு டேசனுக்கு நேர்ல போயி உள்ளதச் சொல்லுங்க, வந்துருதேன்" என்றாள்.

அண்ணனுக்கு வெயிலம்மாள் என்ற மனைவியும் மூன்று பிள்ளைகளும் உண்டு. தம்பி மனைவி அவருக்கு மகள் மாதிரி. அன்றே கைதாகி ஜாமீனில் வந்த பிறகு அவர் வீட்டுக்கு வருவதில்லை, கிடையிலேயே கிடக்கிறார். மதனி கொண்டுபோகும் கஞ்சியைத் தலை தூக்காமல் குடிக்கிறார். என்னிடம், "ஏலே, ஒன் வேலைக்காகத்தாம்லே சொன்னேன்" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டபோது செத்துப்போகலாம் போலிருந்தது.

இதைச் சொன்னால் கட்டாரியைக் கொடுத்து அனுப்பியவன் என்று என் பெயரும் வழக்கில் சேரும், சான்றும் கிடைக்காது, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வா என்று சப்-இன்ஸ்பெக்டர் அய்யா இரண்டு முறை சொன்னார். ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். ஆறு வருட வேலை போய்விடும் என்று தெரியும். இருந்தாலும் அந்தக் கட்டாரி என்னுடையது. ரெங்கம்மாள் என் மனைவி. இரண்டையும் அடுத்தடுத்து எழுதும்படி நான்தான் கேட்டுக்கொண்டேன்.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் ஏதும் இல்லை. மாமனாரிடம் காட்டுவதற்கு நகல் ஒன்று கேட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) எ. இராமச்சந்திரன்
12.9.79